எதையாவது போட்டுக்கொள்ளுங்கள் சார்

இயற்பியல் ஆய்வகத்தில் முதல் நாள் எங்கள் கையில் கொடுத்தது திருகு அளவி. மயிரிழை போன்ற செப்புக் கம்பியின் விட்டத்தை அளக்க வேண்டும். கம்பியைத் தொடுவதற்கு முன் அளவியை வெறுமனே மூடிப் பார்க்கச் சொன்னார் விரிவுரையாளர். சுழிக்கோடு பொருந்துகிறதா, இரண்டு பிரிவு மேலே நிற்கிறதா, கீழே நிற்கிறதா? அதுதான் சுழிப்பிழை. அதைக் குறிக்காமல் அளவெடுத்தவனின் நோட்டை அவர் படிக்கக்கூட மாட்டார், விடை சரியாக இருந்தாலும் சரி. "உன் கருவி எவ்வளவு பொய் சொல்கிறது என்று தெரியாமல் கம்பியைப் பற்றி என்ன பேச்சு?" என்பார்.

அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு எனக்குக் கிடைத்தது மனிதர்களிடம் கேள்வி கேட்கிற வேலை. முதல் இரண்டு ஆண்டுகள் ஒரு தனியார் ஆய்வு நிறுவனம். பிறகு ஓய்வு பெறும் வரை அரசின் கணக்கெடுப்புப் பணி. திண்ணையில் உட்கார்ந்து, வீட்டில் எத்தனை பேர், என்ன வயது, என்ன வேலை, எத்தனை கிலோ அரிசி, எத்தனை கட்டு பீடி என்று கேட்டுக் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். அந்தக் கட்டங்கள் அடங்கிய தாள்கட்டை ஷெட்யூல் என்போம். என்னோடு படித்தவன் ஒருவன் ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் சேர்ந்திருந்தான். பொங்கலுக்குப் பொங்கல் ஊரில் சந்திப்போம். கரும்பைக் கடித்துக்கொண்டே கேட்பான்: "நீ செய்வது அறிவியலா, ஊர்க்கதையா?" அவனுக்கு அது வேடிக்கை. எனக்கு மாட்டுப்பொங்கல் வரை மனம் ஆறாது.

அவனுடைய முதல் வாதம் எளிமையானது. கம்பி பொய் சொல்லாது, மனிதன் சொல்வான். இதற்கு எனக்கு விடை கிடைத்தது தனியார் நிறுவனத்தில், என் பக்கத்து மேசைக்காரர் மாட்டிக்கொண்ட அன்றுதான். சோப்பு, பற்பசை, ரேடியோ கேட்கும் பழக்கம் பற்றிய ஆய்வு. அவர் ஊருக்குப் போகாமல், பேருந்து நிலைய டீக்கடையிலேயே உட்கார்ந்து நாற்பது ஷெட்யூல்களையும் எழுதிக் கொண்டுவந்துவிட்டார். நல்ல கையெழுத்து, ஓர் அடித்தல் கிடையாது. மேற்பார்வையாளராக இருந்த அம்மாள் தாள்களைச் சீட்டுக்கட்டைப் போல ஒரு முறை விசிறிப் பார்த்துவிட்டு, "தம்பி, நீ அந்த ஊருக்குப் போகவில்லை" என்றார்.

நாங்கள் அசந்துபோனோம். அவர் பார்த்தது வயதுக் கட்டத்தை மட்டும்தான். 37, 43, 28, 51, 34 என்று அழகாகக் கலைத்துப் போட்டிருந்தார் எங்கள் ஆள். நிஜ ஊரில் யாருக்கு 43 வயது? "ஒரு நாற்பது இருக்கும்" என்பார்கள், இல்லாவிட்டால் "நாற்பத்தைந்து போட்டுக்கொள்ளுங்கள்" என்பார்கள். அந்தக் காலத்துக் கிராமத்து ஷெட்யூல் என்றால் பூஜ்யத்திலும் ஐந்திலும் முடிகிற வயதுகள் குவிந்து கிடக்கும். அவர் எழுதிய தாள்களில் மக்கள் சொல்கிற பொய் இல்லை. அதனால்தான் அவர் சொன்ன பொய் வெளியே தெரிந்தது.

இந்தக் குவியலை அளக்க ஒரு கணக்கே இருக்கிறது. விப்பிள் குறியெண் என்று பெயர். 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களில் எத்தனை பேரின் வயது பூஜ்யத்திலோ ஐந்திலோ முடிகிறது என்று எண்ணுவார்கள். அதை ஐந்தால் பெருக்கி, அந்த வயதுக்காரர்களின் மொத்த எண்ணிக்கையால் வகுத்து, நூறால் பெருக்குவார்கள். எல்லோரும் சரியான வயதைச் சொல்லும் ஊருக்கு 100 வரும். எல்லோரும் முழு எண்ணாகவே சொல்லும் ஊருக்கு 500. ஒரு நாட்டில் பள்ளிக்கூடமும் பிறப்புச் சான்றிதழும் பரவப் பரவ இந்த எண் 100-ஐ நோக்கி இறங்கும். இதை முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது. மனிதன் பொய் சொல்வான், சரி. ஆனால் ஆயிரம் பேர் சேர்ந்து சொல்லும்போது அந்தப் பொய்க்கு ஓர் ஒழுங்கு வந்துவிடுகிறது. ஒழுங்கு இருந்தால் அளந்துவிடலாம். விரிவுரையாளர் கேட்ட சுழிப்பிழை இதைத் தவிர வேறென்ன?

நண்பனிடம் சொன்னேன். "வயது சரி. அது எண். மற்றதெல்லாம்?" என்றான்.

மற்றதெல்லாம் என்றால் அந்த 92-தான் நினைவுக்கு வருகிறது. வேலைவாய்ப்பு ஷெட்யூலில் ஒவ்வொருவரும் என்ன செய்கிறார் என்பதைச் சொல்லில் எழுதுவதில்லை, குறியீட்டு எண்ணில் எழுதுவோம். சொந்தத் தொழில் என்றால் 11. கூலியின்றிக் குடும்பத் தொழிலில் உதவுபவருக்கு 21. மாதச் சம்பளம் 31. தினக்கூலி 51. படிக்கிற பிள்ளை 91. வீட்டுவேலை மட்டும் என்றால் 92. வீட்டுவேலையோடு விறகு பொறுக்குவது, வீட்டுத் தேவைக்குத் துணி தைப்பது போன்றவையும் சேர்ந்தால் 93. இதில் 11, 21, 31, 51 எல்லாம் உழைக்கும் மக்கள் கணக்கில் சேரும். 92 சேராது. நாட்டில் எத்தனை சதவீதப் பெண்கள் வேலை செய்கிறார்கள் என்று பத்திரிகையில் வருகிற எண், என்னைப் போன்றவர்கள் திண்ணையில் போட்ட 92-களுக்கும் 21-களுக்கும் நடுவில்தான் பிறக்கிறது.

தென்னாற்காட்டுப் பக்கம் ஒரு கிராமம், கடலை அறுவடைக் காலம். வீட்டுக்காரர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பதில் சொன்னார். மனைவி பற்றிக் கேட்டேன்.

"வீட்டில்தான் இருக்கிறாள்."

92 எழுதினேன். அதே வேகத்தில் அன்று காலையிலிருந்து ஒன்பது வீடுகளில் ஒன்பது 92 எழுதியிருந்தேன். அப்போது அந்த அம்மாள் கொல்லைப்புறத்திலிருந்து ஒரு சுமை கடலைச் செடியைத் தலையில் கொண்டுவந்து முற்றத்தில் போட்டுவிட்டு, கால் நீட்டி உட்கார்ந்து காய் ஆயத் தொடங்கினார். விரல்கள் செடியைப் பார்க்காமலே ஓடின. கண் என் தாளின் மேல் இருந்தது.

"என்ன எழுதினீர்கள் தம்பி?"

"வீட்டுவேலை என்று எழுதினேன் அம்மா."

கொஞ்ச நேரம் ஆய்ந்துகொண்டே இருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய், மாடத்திலிருந்து ஒரு நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். பால் சொசைட்டிக் கணக்கு. காலை, மாலை, தேதிவாரியாக லிட்டர், ரூபாய். மேலே அவருடைய பெயர். விடியலில் மாடு கறந்து சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வருவது அவர்தான். கடலை விதைத்ததிலும் களை எடுத்ததிலும் அவர் கை இருந்தது.

வீட்டுக்காரர் சங்கடமாகச் சிரித்தார். "அதெல்லாம் ஒரு வேலையா? எதையாவது போட்டுக்கொள்ளுங்கள் சார்."

இந்த வாக்கியத்தை நான் எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. மோர் கொடுத்துவிட்டுச் சொல்வார்கள், மாட்டை அவிழ்க்கப் போகும் அவசரத்தில் சொல்வார்கள், மரியாதைக்கும் சொல்வார்கள். எங்கள் வேலைக்கு எமன் அந்த வாக்கியம்தான்.

அலுவலகத்தில் அந்த ஒரு வரிக்கு அரை நாள் விவாதம் நடந்தது. ஆண்டின் பெரும்பகுதி நேரத்தை எதில் செலவிட்டாரோ அது முதன்மை நிலை, அதற்கு அடுத்தது துணை நிலை. "முதன்மையில் 92 இருக்கட்டும், துணையில் 21 போட்டுவிடு" என்றார் ஒருவர். நோட்டு அவர் பெயரில் இருக்கும்போது 21 எப்படி, 11 அல்லவா என்றார் இன்னொருவர். கடைசியில் என்ன போட்டோம் என்பது இங்கே முக்கியமில்லை. மறுநாள் நான் அந்த ஒன்பது வீடுகளுக்கும் திரும்பப் போனேன். நல்லவனாக வேண்டும் என்று போகவில்லை, இரவு தூக்கம் வரவில்லை. ஒன்பதில் நான்கு வீடுகளில் என் 92 தவறு. கருவியில் பிழை என்று இத்தனை காலம் மக்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிழை என் பேனாவில் இருந்தது.

இதை முன்பே யோசித்தவர் ஒருவர் இருந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. மகாலனோபிஸ் அடிப்படையில் இயற்பியல்காரர். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவர். 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1937-இலிருந்து வங்காளத்தில் சணல் பயிர்ப் பரப்பை மாதிரி முறையில் கணக்கெடுத்தபோது அவர் தன் கணக்கெடுப்பாளர்களை நம்பவில்லை. நம்பாததற்குக் கோபப்படவும் இல்லை. ஒரே பகுதியில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று தெரியாத இரண்டு குழுக்களிடம் கொடுத்தார். இரண்டு விடைகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம், ஆட்களால் எவ்வளவு பிழை வருகிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். திருகு அளவியை வெறுமனே மூடிப் பார்ப்பதை ஒரு மாகாண அளவுக்குச் செய்திருக்கிறார். 1950-இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியபோது இந்த முறையும் அதோடு வந்தது. எங்கள் ஷெட்யூலின் மூலையில் துணை மாதிரி எண்ணுக்கு ஒரு சின்னக் கட்டம் இருக்கும். பல வருடங்கள் அதில் 1 என்றோ 2 என்றோ ஏனென்று தெரியாமலே எழுதிவந்திருக்கிறேன். நான் அளக்கப்படுகிற கட்டம் அது.

துல்லியமான எண் இருந்தால் அறிவியல் ஆகிவிடும் என்று நினைப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஓர் எழும்பூர்க் கதை உண்டு. 1885-இல் சென்னை அருங்காட்சியகத்துக்குக் கண்காணிப்பாளராக வந்த எட்கர் தர்ஸ்டன், அளவியை எடுத்துக்கொண்டு தென்னிந்தியா முழுக்கச் சாதி சாதியாக மக்களின் மூக்கை அளந்தார். நீளம், அகலம், விகிதம், சராசரி எல்லாம் தசமப் புள்ளியோடு. வடக்கே ரிஸ்லி, மூக்கு அகலமாக அகலமாகச் சமூகத் தகுதி குறைகிறது என்று விதியே எழுதிவிட்டார். அவர்தான் 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர். சாதிகளை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தச் சொன்னதும், எங்களை இன்னும் மேலே எழுது என்று நாடெங்கும் மனுக்கள் குவிந்தன. அளவுகோல் பட்டதும் அளக்கப்பட்ட பொருள் எழுந்து நின்று வழக்காடியது. தர்ஸ்டன் வயநாட்டுக்குப் போனபோது பணியர் பெண்கள் ஓடிப்போனார்களாம். தங்களில் நல்ல உடல்களாகப் பார்த்துப் பஞ்சடைத்து அருங்காட்சியகத்தில் வைத்துவிடுவார் என்ற பயம். அவரே எழுதி வைத்திருக்கிறார். என்னைக் கேட்டால், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி அவர் எழுதிய ஏழு தொகுதிகளில் மூக்கு அளவுகளைவிட இந்த ஒரு வரி அதிகம் சொல்கிறது. மூக்குக் கணக்கில் எண்கள் தவறு என்று நான் சொல்லவில்லை. அந்த எண்கள் எந்தக் கேள்விக்கு விடை என்று எவரும் திருப்பிக் கேட்க இடமே வைக்கவில்லை.

நண்பனுக்கு இந்தக் கதை பிடித்திருந்தது. "பார்த்தாயா, நீயே ஒத்துக்கொள்கிறாய். கம்பி மனுப் போடாது." அப்போது அவனுக்குத் திருகு அளவியின் நுனியில் இருக்கும் அந்தச் சின்னக் குமிழை நினைவுபடுத்தினேன். அதைப் பிடித்துத் திருகினால்தான் கம்பியைத் தொட்டதும் 'டிக் டிக்' என்று வழுக்கிக்கொண்டு நின்றுவிடும். உருளையைப் பிடித்தே திருகினால் கம்பி நசுங்கும், அளவு குறையும். கம்பியும் தொட்டால் மாறுகிற பொருள்தான். எவ்வளவு அழுத்தினால் போதும் என்று சொல்ல அங்கே ஒரு குமிழ் இருக்கிறது. எனக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை, எதிரே இருப்பவரின் முகம்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பொங்கலுக்கு நான் ஜெயித்ததாக வைத்துக்கொண்டேன்.

அடுத்த பொங்கலுக்கு வேறொன்றோடு வந்தான். "திரும்பச் செய்து காட்ட முடியுமா? அதே சோதனை, அதே விடை?"

இதற்கு நான் காட்டுவது விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கு முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களிடம் கேள்விப்பட்டியலைக் கொடுத்து விடுமுறையில் கிராமங்களுக்கு அனுப்பினார். 1916-இல் அப்படி எழுதப்பட்ட ஊர்களில் ஒன்று இது. கங்கைகொண்டான், வடமலைபுரம், தூசி, பாலக்குறிச்சி எல்லாம் அந்த வரிசையில் வந்தவை. இருபது ஆண்டு கழித்து 1936-37-இல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அந்த ஊர்களுக்கு மறுபடி ஆட்களை அனுப்பினார்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை இருவேல்பட்டுக்கு வந்தது. 1981-இல் ஜான் ஹாரிஸ் வந்தார். 2008-இல் ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் இருவரோடு சேர்ந்து இன்னொரு முறை வந்தார். தொண்ணூறு ஆண்டுகளில் ஒரே ஊருக்கு ஐந்து முறை. எங்கள் ஊரில் ஐந்து முறை யாராவது கேள்வி கேட்டு வந்திருந்தால் ஆறாவது ஆளை நாயை விட்டுத் துரத்தியிருப்பார்கள்.

ஒவ்வொரு முறையும் விடை மாறியது, உண்மைதான். முதல் ஆய்வில் படியாள்கள் இருக்கிறார்கள். கல்யாணச் செலவுக்குக் கடன் வாங்கி, அதைத் தீர்க்க முடியாமல், ஒரே பண்ணையில் கட்டுண்டு கிடந்த ஆட்கள். பின்னால் வந்தவர்கள் கண்ட ஊரில் அந்தப் பிணைப்பு தளர்ந்து போயிருந்தது. சோதனை தோற்றதாக இதை நண்பன் எடுத்துக்கொள்வான். ஆனால் 1916-இன் தாள் இல்லாவிட்டால், படியாள் என்கிற நிலை எப்போது, எதனால் தேய்ந்தது என்று கேட்கக்கூட முடியாது. தாத்தா சொன்னார் என்றுதான் பேசிக்கொண்டிருப்போம். அது ஊர்க்கதை. இது வேறு.

கடைசியாக ஒரு சண்டையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் என் பேனாவும் இருந்தது. நுகர்வுச் செலவு ஷெட்யூலில் உணவுப் பொருட்களைப் பழைய வழக்கப்படி 'கடந்த 30 நாட்களில்' என்று கேட்போம். 1999-2000-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 55-ஆவது சுற்றில் பக்கத்திலேயே 'கடந்த 7 நாட்களில்' என்று இன்னொரு பத்தி சேர்ந்தது. ஓர் அம்மாளிடம் போன வாரம் எத்தனை வெங்காயம் என்றால் சந்தைக்கிழமையை நினைத்துக்கொண்டு, "ரெண்டு கிலோ" என்று டக்கென்று சொல்வார். மாதத்துக்கு எவ்வளவு என்றால் ஒரு கணம் கூரையைப் பார்ப்பார். தனியாகக் கேட்டிருந்தால் ஐந்தோ ஆறோ சொல்லியிருப்பார், ஏனெனில் முப்பது நாள் என்றால் மறதி விழும். இப்போது இரண்டு கேள்வியும் அடுத்தடுத்து வருவதால், ரெண்டை நாலால் பெருக்கி "எட்டு" என்பார். நானும் எட்டு என்று எழுதுவேன். இரண்டு பத்தியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் அல்லவா.

இப்படி லட்சக்கணக்கான எட்டுகள் சேர்ந்தன. 1993-94-இல் 36 சதவீதமாக இருந்த நாட்டின் வறுமை 26 சதவீதமாக இறங்கிவிட்டது என்று அறிவிப்பு வந்தது. உடனே பொருளியல் அறிஞர்கள் கிளம்பினார்கள். இறங்கியது வறுமையா, பத்தி மாறியதால் வந்த மாயமா? எனக்குப் பிடித்தது ஆங்கஸ் டீட்டன் செய்த காரியம். விறகு, மண்ணெண்ணெய் போன்ற சில செலவுகளை இரண்டு சுற்றிலும் ஒரே மாதிரி 30 நாளுக்குத்தான் கேட்டிருந்தார்கள். நசுங்காத கம்பி அதுதான். அதைப் பிடித்துக்கொண்டு மொத்தச் செலவை மதிப்பிட்டுப் பார்த்தார். வறுமை குறைந்ததில் பெரும்பகுதி நிஜம், ஆனால் அறிவித்த அளவுக்கு இல்லை என்று அவருக்கு விடை வந்தது. ஒத்துக்கொள்ளாதவர்களும் இருந்தார்கள், வேறு முறையில் கணக்குப் போட்டார்கள், பத்திரிகைகளில் பக்கம் பக்கமாகச் சண்டை நடந்தது. அந்தக் கட்டுரைகளை என் அறிவுக்கு எட்டியவரை படித்தேன். என் எட்டுகளுக்கு யாரோ ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து சுழிப்பிழை கழித்துக்கொண்டிருக்கிறார் என்பது விசித்திரமான ஆறுதலாக இருந்தது. இந்தக் கதையைத்தான் நண்பனிடம் சொல்ல நினைத்திருந்தேன். அவன் அந்த வருடம் மகள் வீட்டுக்குப் போய்விட்டான்.

ஓய்வு பெற்ற பின் 2024-இல் எங்கள் தெருவே மாதிரியில் விழுந்தது. நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. கையில் டேப்லெட்டோடு ஒரு பெண் வந்தாள், என் மகள் வயதுக்கும் குறைவாக இருக்கும். முந்தின நாள் அதிகாலை நான்கு மணியிலிருந்து மறுநாள் நான்கு மணி வரை, அரைமணி அரைமணியாக என்ன செய்தீர்கள் என்று சொல்ல வேண்டும். என்னுடையது ஐந்து நிமிடத்தில் முடிந்தது. செய்தித்தாள், நடை, தூக்கம். நானும் அந்தத் துறைதான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். 2019-இல் நடந்த முதல் நாடு தழுவிய சுற்றில், வீட்டுவேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரி 299 நிமிடங்களும், செய்கிற ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டதாக வந்ததைக் கூட அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.

"அம்மா நேற்று என்ன செய்தார்கள் சார்?"

"அவளா? வீட்டில்தான் இருந்தாள்."

அந்தப் பெண் எதுவும் எழுதவில்லை. "நான் அம்மாவையே கேட்டுக்கொள்கிறேன் சார்" என்று சமையலறை வாசலுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

உள்ளே மிக்ஸி நின்றது. ஆறு மணியிலிருந்து ஆறரை வரை என்று கேட்டாள். வாசல் தெளித்தது, கோலம், பால் காய்ச்சியது, உங்கள் சாருக்குக் காபி, குக்கர் வைத்தது, மாடியில் துணி எடுத்தது என்று என் மனைவி சொல்லிக்கொண்டே போனாள். ஓர் அரைமணிக் கட்டத்தில் மூன்று வேலைக்கு மேல் ஏறாது. அந்தப் பெண் அதைச் சொன்னாள்.

"எதையாவது போட்டுக்கொள்ளம்மா" என்றாள் என் மனைவி.

"இல்லை அம்மா. இதில் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் ஆனது எது எது?"

என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். யோசிக்கத் தொடங்கினாள்.